சிறு கம்பெனிப் பங்குகள்: நம் வீட்டுப் பணத்தில் அதற்கு எவ்வளவு இடம்?

(நமது டிரஸ்ட் அரங்கில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இந்தக் கூட்டத்தில் வழக்கமாகக் கல்வி உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு, ஜகாத் கணக்கு என்றுதான் பேசுவோம். இன்று பங்குச் சந்தையைப் பற்றி, அதிலும் சிறு கம்பெனிப் பங்குகளைப் பற்றிப் பேசப்போகிறேன். சிலருக்கு இது புதிதாக இருக்கும். ஆனால் கடந்த இரண்டு வருடமாக நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். "பாய், இந்தக் கம்பெனி ஷேர் ஹலாலா? இருபது ரூபாய்தான், இருநூறு ஆகும் என்கிறார்கள், வாங்கலாமா?" என்று செல்போனை நீட்டுகிறார்கள். வளைகுடாவில் இருக்கும் மகன் அனுப்பிய பணத்தை வைத்துக்கொண்டு பெற்றோரும் வந்து கேட்கிறார்கள்.

"எல்லாம் சூதாட்டம், கிட்டே போகாதீர்கள்" என்று சொல்லி அனுப்புவது எளிது. அப்படிச் சொன்னால் அவர்கள் நம்மிடம் கேட்பதை நிறுத்துவார்கள். வாங்குவதை நிறுத்த மாட்டார்கள். ஆகவே தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் முதலீட்டு ஆலோசகர் அல்ல. எந்த நிறுவனத்திடமும் ஒரு ரூபாய் கமிஷன் வாங்குபவனும் அல்ல. இதில் ஒரு முறை நன்றாக அடிபட்டவன், அவ்வளவுதான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பங்கு என்பது என்ன?

ஒரு கம்பெனியின் பங்கை வாங்குவது, அந்த வியாபாரத்தில் சிறு கூட்டாளி ஆவது. நம் முன்னோர் பர்மாவிலும் மலாயாவிலும் கூட்டு வியாபாரம் செய்தார்களே, அதுபோலத்தான். லாபம் வந்தால் பங்கு உண்டு, நஷ்டம் வந்தாலும் பங்கு உண்டு. இந்தக் கூட்டு முறையை மார்க்கம் தடுக்கவில்லை. தடுப்பது வட்டியை, சூதை, ஏமாற்றை, ஹராமான பொருளின் வியாபாரத்தை. காலையில் வாங்கி மதியம் விற்பதும், கடனுக்கு வாங்கி விளையாடுவதும், ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்று விலையின் மீது பந்தயம் கட்டுவதும் வேறு விஷயம். ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களைப் பற்றி 2024 செப்டம்பரில் செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அதைப் பற்றி இன்று பேசவே போவதில்லை; அந்த வாசலை மூடிவிடுவோம்.

சிறு கம்பெனி என்றால் எது?

2017-ல் செபி ஒரு வரையறை கொடுத்தது. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளை மொத்த மதிப்பின்படி வரிசைப்படுத்தினால், முதல் 100 பெரிய கம்பெனிகள். 101 முதல் 250 வரை நடுத்தரக் கம்பெனிகள். 251-லிருந்து கடைசி வரை எல்லாமே சிறு கம்பெனிகள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்தப் பட்டியல் திருத்தப்படுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, 251-வது இடத்தில் இருக்கும் கம்பெனியின் மதிப்பு இன்று பல்லாயிரம் கோடி ரூபாய். கடைசியில் இருப்பதன் மதிப்பு சில கோடிதான். இரண்டுக்கும் 'ஸ்மால் கேப்' என்று ஒரே பெயர். ஜவுளி மொத்த வியாபாரியையும் சைக்கிளில் துணி விற்பவரையும் ஒரே பெயரில் அழைப்பது போல. ஆகவே ஒருவர் "ஸ்மால் கேப்பில் போட்டால் நல்லது" என்று சொன்னால், எந்த ஸ்மால் கேப் என்று கேளுங்கள்.

அதற்கும் கீழே எஸ்.எம்.இ. என்று ஒரு தனித் தளம் இருக்கிறது. 2012-ல் தொடங்கியது. மிகச் சிறிய தொழில்கள் மக்களிடம் பணம் திரட்டுவதற்கான இடம். 2024 ஆகஸ்டில் டெல்லியில் இரண்டு பைக் ஷோரூம் நடத்தும், எட்டே ஊழியர்கள் கொண்ட ஒரு கம்பெனி 12 கோடி ரூபாய் கேட்டது. மக்கள் கொடுக்க முன்வந்தது சுமார் 4,800 கோடி ரூபாய்! அந்தக் கம்பெனி தவறு செய்தது என்று நான் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் அந்த ஷோரூமைப் பற்றி ஒரு பக்கமாவது படித்திருப்பார்கள் என்றுதான் கேட்கிறேன். அதே மாதக் கடைசியில் செபியும் இந்தத் தளத்தைப் பற்றி மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது.

அப்படியானால் ஏன் வாங்க வேண்டும்?

நியாயமான கேள்வி. இன்றைய பெரிய கம்பெனிகள் பல நேற்றைய சிறு கம்பெனிகள். இன்ஃபோசிஸ் 1981-ல் பத்தாயிரம் ரூபாய் முதலில் தொடங்கியது. 1993-ல் பங்குகளை மக்களுக்கு விற்க வந்தபோது அவை முழுமையாக விற்கவில்லை. அன்று வாங்கி வைத்துப் பொறுமையாக இருந்தவர்களின் நிலை எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவிலும் ரோல்ஃப் பான்ஸ் என்ற ஆய்வாளர் 1981-ல், நியூயார்க் சந்தையின் நாற்பது வருடக் கணக்கைப் பார்த்து, சிறிய கம்பெனிகள் சராசரியாகப் பெரியவற்றைவிட அதிகம் கொடுத்திருக்கின்றன என்று எழுதினார். பிற்கால ஆய்வுகளில் அந்த வித்தியாசம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே 1990-களில் மக்களிடம் பணம் வாங்கிய பல கம்பெனிகள் விலாசமே இல்லாமல் போயின. 'மறைந்துபோன கம்பெனிகள்' என்று அரசாங்கமே பட்டியல் போட வேண்டி வந்தது. ஒரு இன்ஃபோசிஸின் கதையை ஆயிரம் பேர் சொல்வார்கள். மறைந்துபோன கம்பெனியில் பணம் போட்டவர் வெட்கப்பட்டு வாயைத் திறக்க மாட்டார். அதனால்தான் நம் காதில் லாபக் கதைகள் மட்டும் விழுகின்றன.

இன்று ஒரு நஷ்டக் கதையை நானே சொல்கிறேன்.

என் தாயாரின் ஹஜ் பணம்

2007-ம் வருடம். என் தாயாரையும் மனைவியையும் ஹஜ்ஜுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று நான்கு வருடமாகச் சேர்த்திருந்தேன். மனைவி தன் இரண்டு வளையல்களை விற்றுக் கொடுத்ததும் அதில் இருந்தது. இன்னும் கொஞ்சம்தான் தேவை. அந்த நேரத்தில் என் கல்லூரி நண்பர் ஒருவர் ஒரு சிறு கம்பெனியைப் பற்றிச் சொன்னார். "ஆறு மாதத்தில் இரட்டிப்பு" என்றார். நல்ல மனிதர், அவரும் போட்டிருந்தார். பங்கு 84 ரூபாய்க்கு வாங்கினேன். முழுப் பணத்தையும் அந்த ஒரே கம்பெனியில் போட்டேன். ஜனவரியில் 130 ரூபாய். ஹஜ் விண்ணப்பத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, கொஞ்சம் ஏறட்டும் என்று இருந்தேன்.

2008 ஜனவரியில் சந்தை சரியத் தொடங்கியது. என் பங்கை விற்கப் போனேன். தினமும் ஐந்து சதவீதம் இறங்கி நின்றுவிடும். வாங்க ஆள் இல்லை. 'லோயர் சர்க்யூட்' என்ற வார்த்தையை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். 2009 மார்ச்சில் என் பங்கு ஒன்பது ரூபாய். பிறகு அந்தக் கம்பெனியின் வியாபாரத்தையே பங்குச் சந்தை நிறுத்தி வைத்தது. இன்றும் என் டீமேட் கணக்கில் அது கிடக்கிறது. விற்கவும் முடியாது, தூக்கி எறியவும் முடியாது.

என் கம்பெனி மட்டும் கெட்டது என்று நினைக்காதீர்கள். மும்பைச் சந்தையின் சிறு கம்பெனிக் குறியீடு முழுவதுமே அந்தப் பதினான்கு மாதத்தில் ஐந்தில் நான்கு பங்கு விழுந்தது. பெரிய கம்பெனிகளின் சென்செக்ஸ் 2010 கடைசியில் பழைய உயரத்தை ஒரு முறை தொட்டுவிட்டது. சிறு கம்பெனிக் குறியீடு பழைய உயரத்துக்குத் திரும்ப ஏறக்குறைய ஒன்பது வருடம் ஆனது, 2017 வரை. "நல்ல கம்பெனியாகப் பார்த்துப் பரவலாக வாங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது" என்று இப்போது சொல்கிறார்கள். பரவலாக வாங்கியிருந்தாலும் சராசரியாக ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

என் தாயாருக்கு ஒன்பது வருடம் இல்லை. 2012-ல் வஃபாத் ஆனார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பணம் போனதை நான் சொன்ன அன்று, "அவன் நாடினால் கூப்பிடுவான்" என்று மட்டும் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 2017-ல் நானும் மனைவியும் ஹஜ் செய்தோம். மறு வருடம் தாயாருக்காக பதல் ஹஜ்ஜுக்கு ஏற்பாடு செய்தேன். அல்லாஹ் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

என் தவறு சிறு கம்பெனிப் பங்கை வாங்கியது அல்ல. தேதி குறித்த பணத்தை அதில் போட்டதுதான் தவறு. இன்று நான் சொல்ல வந்ததும் இந்த ஒன்றுதான். மகளின் நிக்காஹ், மகனின் கல்லூரிக் கட்டணம், தாயாரின் ஹஜ், கண் ஆபரேஷன் என்று தேதி எழுதிய பணம் எதுவும் அங்கே போகக் கூடாது. விலை இறங்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இறங்கிய நாளில் விற்றே ஆகவேண்டும் என்ற நிலைமைதான் குடும்பத்தைக் கவிழ்க்கிறது.

நமக்கு அந்த மெத்தை இல்லை

இப்போது நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும் முதலீட்டுப் புத்தகங்கள், யூடியூப் வகுப்புகள் எல்லாம் இப்படிச் சொல்லும்: "பாதிப் பணத்தை வங்கி டெபாசிட், பி.பி.எஃப்., கடன் பத்திரங்களில் வையுங்கள். மீதியைப் பங்குகளில் போடுங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு சிறு கம்பெனிகளாக இருக்கலாம்." அவர்களைப் பொறுத்தவரை இது சரியான கணக்கு. பங்குகள் விழுந்தால் டெபாசிட் தாங்கும். அது கீழே விரித்த மெத்தை.

வட்டி வாங்காத குடும்பத்துக்கு அந்த மெத்தை கிடையாது. டெபாசிட் கிடையாது, பத்திரம் கிடையாது. அரசின் தங்கப் பத்திரத்தில்கூட வருடத்துக்கு 2.5 சதவீத வட்டி சேர்ந்தே வரும். ஆகவே நம்மவர் ஒருவர் அந்த யூடியூப் கணக்கில் மேல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கீழ்ப் பாதியை விட்டுவிட்டால், மெத்தை இல்லாமல் மாடியிலிருந்து குதிப்பதாகிவிடும். நாம் வட்டியை விட்டது அல்லாஹ்வுக்காக. அதில் பரக்கத் உண்டு என்று நம்புகிறோம். ஆனால் அதற்குத் தகுந்தபடி மற்ற கணக்கையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் கைப்பணம் அதிகமாக இருக்க வேண்டும். சிறு கம்பெனிப் பங்கு மற்றவர்களைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பத்தின் சேமிப்பு பத்து லட்சம் ரூபாய். மாதச் செலவு 30,000.

முதலில் ஒன்பது மாதச் செலவு, 2,70,000 ரூபாய். இது வங்கிக் கணக்கில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சேமிப்புக் கணக்கில் வட்டி விழுந்தால் கணக்குப் பார்த்துப் பிரித்து வெளியேற்றிவிடுங்கள்.

அடுத்து, மூன்று வருடத்தில் மகளின் கல்லூரிக்கு 3,00,000 ரூபாய். இது தேதி குறித்த பணம். இதையும் பங்குகளில் போடக் கூடாது. பணமாகவும், கொஞ்சம் தங்கக் காசாகவும் வைக்கலாம்.

மீதி 4,30,000 ரூபாய். இதுதான் ஏழு, பத்து வருடம் தொட வேண்டியில்லாத பணம். இதில் பெரும்பகுதி மார்க்க வரையறைக்கு உட்பட்ட பெரிய கம்பெனிகளில் இருக்கட்டும். சிறு கம்பெனிகளுக்கு 50,000 ரூபாய். அதையும் ஒரே நாளில் போடாமல் மாதம் 2,500 என்று இருபது மாதத்தில்.

"பத்து லட்சத்தில் வெறும் ஐம்பதாயிரமா?" என்று இளைஞர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. கணக்கைப் பாருங்கள். 2018 ஜனவரி முதல் 2020 மார்ச் வரை சிறு கம்பெனிக் குறியீடு பாதிக்கும் மேல் விழுந்தது. உங்கள் 50,000 ரூபாய் அறுபது சதவீதம் விழுந்து 20,000 ஆகிவிட்டது என்று வையுங்கள். நஷ்டம் 30,000, ஒரு மாதச் செலவு. வருத்தம்தான், ஆனால் வீடு ஆடாது. அதற்குப் பதில் ஏழு லட்சத்தை அதில் போட்டிருந்தால் நஷ்டம் 4,20,000 ரூபாய். மகளின் கல்லூரிப் பணமோ கையிருப்போ அதில் மாட்டிக்கொண்டிருக்கும். நூறு ரூபாய் நாற்பது ஆகிவிட்டால், மறுபடி நூறு ஆக அறுபது சதவீதம் ஏறினால் போதாது. நூற்றைம்பது சதவீதம் ஏற வேண்டும்.

இறைவன் நாடி அந்த ஐம்பதாயிரம் பத்து வருடத்தில் நான்கு மடங்கானால், இரண்டு லட்சம். ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவும். சிறு கம்பெனிப் பங்கின் வேலை அதுதான். பிரியாணிக்குப் பட்டை, கிராம்பு போல. அதுவே அரிசி ஆகாது.

யஃகூப் நபி (அலை) தம் மக்களை ஊருக்குள் ஒரே வாசலில் நுழையாமல் பல வாசல்கள் வழியாகப் போகச் சொன்ன வரலாறு நமக்குத் தெரியும். அதே நேரத்தில் அல்லாஹ்வின் நாட்டத்தைத் தம்மால் தடுக்க முடியாது என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. பணத்தைப் பிரித்து வைப்பது நம் வேலை. அதன் முடிவு அவனிடம்.

ஹலாலா என்று பார்ப்பது எப்படி?

ஆயோஃபி என்ற சர்வதேச அமைப்பு வகுத்த அளவை உலகெங்கும் பலர் பின்பற்றுகிறார்கள். முதலில் தொழில் ஹலாலாக இருக்க வேண்டும். வங்கி, வட்டிக்கடை, மது, சூதாட்டம், பன்றி இறைச்சி போன்றவை கூடாது. பிறகு கணக்கு. கம்பெனி வட்டிக்கு வாங்கிய கடன் அதன் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வட்டிக்குப் போட்டு வைத்த பணமும் 30 சதவீதத்துக்குள். தவறான வழியில் வரும் வருமானம் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்துக்குள்.

சிறு கம்பெனிகளில் இங்கே ஒரு சிக்கல். ஒரு கம்பெனியின் சந்தை மதிப்பு 500 கோடி, வங்கிக் கடன் 120 கோடி என்று வைத்துக்கொள்வோம். 24 சதவீதம், வரையறைக்குள் இருக்கிறது. சந்தை சரிந்து மதிப்பு 250 கோடி ஆகிறது. கடன் அதேதான், ஆனால் இப்போது 48 சதவீதம். கம்பெனி ஒரு செங்கல்லைக்கூட மாற்றவில்லை, வரையறையைத் தாண்டிவிட்டது. பெரிய கம்பெனிகளிலும் இது நடக்கும். ஆனால் சிறியவை வேகமாக ஏறி இறங்குவதால் இங்கே அடிக்கடி நடக்கும். ஆகவே வாங்கும்போதே கடன் மிகக் குறைந்த, அல்லது கடனே இல்லாத கம்பெனியாகப் பார்ப்பது மார்க்கத்துக்கும் நல்லது, பணத்துக்கும் நல்லது. கெட்ட காலத்தில் முதலில் விழுவது கடன்பட்ட சிறு கம்பெனிதான். ஒரு முறை பார்த்தால் போதாது. வருடம் ஒரு முறையாவது திரும்பப் பார்க்க வேண்டும்.

சாதாரண ஸ்மால் கேப் மியூச்சுவல் ஃபண்டுகளில் வங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் கலந்திருக்கும். ஆகவே பெயரைப் பார்த்துப் போடாதீர்கள். ஷரீஆ வரையறைப்படி நடக்கும் ஃபண்டுகள் நம் நாட்டில் சில உண்டு. டாடா எத்திகல் ஃபண்ட் அவற்றில் ஒன்று. டாரஸ் எத்திகல் ஃபண்ட் 2009-ல் வந்தது. தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டி 500 ஷரீஆ பட்டியலில் பெரியவற்றோடு சிறு கம்பெனிகளும் உண்டு. தனியாகத் தேடுபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். நான் பெயர் சொன்னதைச் சிபாரிசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிவிடெண்டில் வட்டி வருமானம் கலந்த பகுதியைக் கணக்கிட்டு, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பணத்தை நம் டிரஸ்டின் ஜகாத் கணக்கில் சேர்க்காதீர்கள். கொடுக்கும்போதே இன்ன பணம் என்று சொல்லிக் கொடுங்கள். ரசீதைத் தனியாகப் போடுவோம்.

ஜகாத் வேறு. விற்று லாபம் பார்க்கும் எண்ணத்தில் வாங்கிய பங்குகள் வியாபாரப் பொருள். உங்கள் ஜகாத் தேதியில் அன்றைய சந்தை விலைக்கு இரண்டரை சதவீதம். வாங்கிய விலைக்கு அல்ல. நீண்ட காலம் டிவிடெண்டுக்காக வைத்திருப்பவர்களுக்கு உலமாக்கள் வேறு கணக்குச் சொல்கிறார்கள். அதை நம் ஹஜ்ரத்திடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் கண்ணால் பாருங்கள்

நம்மில் பலர் வியாபாரிகள். ஒரு கடையை விலைக்கு வாங்கப்போனால் என்ன பார்ப்பீர்கள்? யாருக்குக் கடன் இருக்கிறது, வெளியே எவ்வளவு பாக்கி நிற்கிறது, சரக்கு போகிறதா, நடத்துபவர் எப்படிப்பட்டவர். சிறு கம்பெனியிலும் அதேதான். லாபம் என்று கணக்கில் எழுதியிருக்கிறது. பணம் கைக்கு வந்திருக்கிறதா? கம்பெனியின் முதலாளிகள் தங்கள் பங்குகளை அடகு வைத்திருக்கிறார்களா? ஆடிட்டர் பாதியில் விலகினாரா? எத்தனை பேருக்கு விற்கிறார்கள்? ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிலை அறிந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரே ஒரு வெளிநாட்டு வியாபாரியை நம்பி ஓடும் பட்டறைக்கு, அந்த ஒரு ஆர்டர் நின்றால் எல்லாம் நிற்கும். இந்த விவரங்கள் கம்பெனியின் ஆண்டறிக்கையில், பங்குச் சந்தையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படிக்க நேரமில்லை என்றால் தனிப் பங்கு வாங்க வேண்டாம், ஃபண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விற்க முடியுமா என்றும் பாருங்கள். தினம் சில நூறு பங்குகள் மட்டும் கைமாறும் கம்பெனியில் நீங்கள் ஐயாயிரம் பங்கு வைத்திருந்தால், வெளியே வரக் கதவு இல்லை. தினம் ஐந்து சதவீதம் வீதம் பத்து நாள் இறங்கினால் நூறு ரூபாய் அறுபது ஆகும். இருபது நாளில் முப்பத்தாறு. அத்தனை நாளும் நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடியும்.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வரும் பெயர்களை நம்பாதீர்கள். சிறு கம்பெனியின் விலையை நாலு பேர் சேர்ந்தே ஏற்றிவிட முடியும். ஏற்றிய பிறகு விற்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நீங்கள். ஆலோசகர் என்று சொல்பவரிடம் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்டுச் சரிபாருங்கள்.

'ஹலால்' என்ற சொல்லை மட்டும் பார்த்தும் ஏமாறாதீர்கள். பெங்களூருவில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் ஹலால் முதலீடு என்ற பெயரில் மாதாமாதம் வருமானம் தருவதாகப் பணம் திரட்டியது. 2019 ஜூனில் அதன் நிறுவனர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். பிறகு கைதானார். பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் தெருவில் நின்றன. நஷ்டத்தில் பங்கு இல்லாமல் லாபம் மட்டும் உறுதி என்றால், அது கூட்டு வியாபாரமே அல்ல என்பது மதரஸாவில் முதல் பாடம். அந்தப் பாடத்தை நினைவில் வைத்திருந்தாலே பலர் தப்பியிருப்பார்கள்.

நகையை அடகு வைத்தோ, கடன் வாங்கியோ ஒரு பங்குகூட வாங்காதீர்கள்.

வீட்டில் சொல்லி வையுங்கள்

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. எந்தப் பங்கு, எந்தக் கணக்கு என்று மனைவிக்குத் தெரியாமல் வைக்காதீர்கள். ஏழு வருடம் டிவிடெண்டைக் கேட்டு யாரும் வராவிட்டால் அந்தப் பங்குகள் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். திரும்ப வாங்குவதற்கு அலைய வேண்டும். நாமினி போட்டு வையுங்கள். ஆனால் நாமினி என்பவர் பொறுப்பாளர் மட்டுமே, முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. பங்குகளும் ஃபராயிள் சட்டப்படி வாரிசுகளுக்குப் பிரிக்க வேண்டிய சொத்துதான். ஒரு நோட்டில் எழுதி, பூட்டிய பெட்டியில் வைத்து, சாவி எங்கே என்று சொல்லிவிடுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மஹர் பணம், உங்கள் நகை உங்களுடையது. "சும்மா கிடக்கிறதே, ஷேரில் போடுவோம்" என்று வீட்டில் கேட்டால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பணம் எனக்கு எப்போது வேண்டும்?" அதற்கு ஒரு தேதி இருந்தால், கொடுக்காதீர்கள். 2007-ல் என் மனைவி வளையலைக் கழற்றித் தந்தபோது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், நான் பதில் சொல்ல முடியாமல் நின்றிருப்பேன். அப்படி நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதில் சந்தேகம் உள்ளவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். எதை வாங்கலாம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் பணத்தில் எது தேதி குறித்தது, எது குறிக்காதது என்று பிரித்துப் பார்க்க உட்கார்ந்து உதவி செய்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, நம் சேமிப்பில் பரக்கத் செய்து, யாரிடமும் கையேந்தாத வாழ்வை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். அஸ்ஸலாமு அலைக்கும்.